சாச்சி அனுப்பிய பன்னிரண்டு பழங்கள்

நான் முதன்முதலாக நல்லபடி ஆக்கிய கறி, பொறாமையில் ஆக்கியது. அப்போது எனக்குப் பத்து வயது. மூன்று கிலோ கிழட்டு மாட்டிறைச்சியைப் பல்லில்லாதவரும் மெல்லும்படி செய்தேன். அதற்குக் கூலியாக அகப்பைக் காம்பால் நான்கு அடி வாங்கினேன். அந்தப் பக்குவத்தை எங்கள் குடும்பத்துப் பெண்கள் இன்றைக்கும் கைவிடவில்லை. அது எப்படிப் பிறந்தது என்பதை மட்டும் யாரும் வெளியில் சொல்வதில்லை.

சாச்சியில் இருந்துதான் தொடங்க வேண்டும். சாச்சி உம்மாவின் ஒரே தங்கை. அவருடைய கணவர் வேறோர் ஊரில் வேறொரு குடும்பமாகிப் போனதும், சாச்சி தன் மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஏர்போட்டுக்குப் போகும் வான் வாசலில் நிற்க, மகளின் கையைப் பிடித்து உம்மாவின் கைக்குள் வைத்தார்.

"ராத்தா, இவ ஒங்கட்ட அமானிதம்" என்றார்.

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போகும் பொருள். திரும்பக் கேட்கும் நாளில் கீறல் விழாமல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மறுமையில் கேள்வி உண்டு. மத்ரஸாவில் எங்களுக்கு இதைச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் நகை நட்டைப் போல ஒரு பிள்ளையையும் அமானிதமாகக் கொடுக்கலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அவள் என்னைவிட ஏழு மாதம் இளையவள். அந்த ஏழு மாதத்துக்காக என்னை ராத்தா என்று கூப்பிடுவாள். அதுவரை நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவளுடைய சின்னப் பெட்டி எங்கள் அலுமாரிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து என் வயிறு எரியத் தொடங்கியது. அதை மறைத்துப் பேச எனக்கு இப்போதும் மனமில்லை. நன்றாகவே எரிந்தது.

எரியக் காரணங்கள் இல்லாமல் இல்லை. காலையில் உம்மா முதலில் அவளுக்குத்தான் தலை பின்னுவார். என் முறை வரும்போது பாண்காரனின் ஹோன் சத்தம் கேட்டுவிடும். உம்மா பாதியில் எழுந்து போவார். நான் பாதிப் பின்னலோடு பள்ளிக்கூடம் போவேன். அவளைக் கூப்பிடுவது "மகள்" என்று. என்னைக் கூப்பிடுவது "எடியே" என்று. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் சஹனில் சாப்பிடுவோம். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பிடுவதற்குத்தான் சஹன் என்று பெயர். நடுவில் இருக்கும் இறைச்சியை உம்மா தன் விரலால் தள்ளித் தள்ளிப் பங்கு வைப்பார். எலும்பில்லாத நல்ல துண்டு எப்போதும் அவள் பக்கம் போய்ச் சேரும். என் பக்கம் எலும்பு வரும். எலும்பில்தான் ருசி என்று உம்மா சொல்வார். அப்படியானால் அதை அவளுக்கே கொடுக்கலாமே என்று நான் கேட்டதற்கு ஒரு குட்டு விழுந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. ஒன்றரை வருடத்தில் அவள் ஒரு தடவைகூட உம்மாவிடம் ஏச்சு வாங்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் மத்ரஸா விட்டு நேரே வராமல் களப்புக் கரையில் நண்டு துரத்துவோம். இரண்டு பேரின் உடுப்பிலும் ஒரே சேறுதான். வாசலில் என் காது திருகப்படும். அவளுக்கு உடுப்பு மாற்றித் தேத்தண்ணி கொடுக்கப்படும். ஏன் என்று கேட்டால் உம்மாவிடம் ஒரே பதில்.

"அவ அமானிதம். நீ என்ட புள்ள."

என்னையும் யாரிடமாவது அமானிதமாகக் கொடுத்துவிட மாட்டார்களா என்று நான் ஏங்கிய நாட்கள் உண்டு.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் தெருப் பெண் ஒருவர் குவைத்திலிருந்து லீவில் வந்தார். அவர் கையில் சாச்சி ஒரு பார்சல் கொடுத்து அனுப்பியிருந்தார். வியாழன் பின்னேரம் அது வீட்டுக்கு வந்தது. வாப்பாவும் அப்போதுதான் வந்திருந்தார். அவர் களப்பில் தொழில் செய்பவர். கிழமை நாட்களில் உச்சமுனையில் ஓலைக் குடிசையாக வாடி போட்டுத் தங்கிவிட்டு, வெள்ளிக்காக வியாழனில் வள்ளத்தில் திரும்புவார். எல்லோரும் பாயில் உட்கார, உம்மா பார்சலைப் பிரித்தார். பூப்போட்ட கம்பளி ஒன்று, ஷாம்பு, சொக்லேட், தலைக்குக் குத்தும் கிளிப்புகள். அடியில் ஒரு தட்டையான மட்டைப் பெட்டி. அதற்குள் கடதாசிக் கூடுகளில் பன்னிரண்டு பழங்கள், முட்டை அடுக்கியது போல.

பழங்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மண்ணிறம். கோழி முட்டையின் பருமன். உடம்பெல்லாம் மெல்லிய மயிர். கையில் எடுத்தால் கல். எங்களில் ஒருவருமே அப்படியொன்றைக் கண்டதில்லை. வாப்பா ஒன்றை உருட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, தீர்ப்புச் சொன்னார்.

"விளாங்காய்தான். தாடி வளத்திரிக்கு."

எங்கள் பக்கம் விளாங்காய்க்கு ஒரு சோதனை உண்டு. ஓர் ஆள் உயரத்திலிருந்து நிலத்தில் போடுவோம். துள்ளினால் காய். துள்ளாமல் சத்தத்தோடு கிடந்தால் பழம். வாப்பா எழுந்து நின்றார். உம்மா தடுக்குமுன் கையை விட்டார். அது ஒரு துள்ளுத் துள்ளி, சிமெந்துத் தரையில் ஓடி, அலுமாரிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. சாச்சியின் மகள் படுத்து, கையை நீட்டி, அதை எடுத்துத் தன் பாவாடையில் துடைத்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். நான் ஊரைக் கூட்டியிருப்பேன்.

"இது பிளேன்ல வந்த சாமான்" என்று உம்மா வாப்பாவைப் பார்த்துச் சொன்னார். "ஒங்கட வாடிக்குள்ள உருட்டி வெளாடுற சாமானில்ல. அவட உம்மா அவளுக்கு அனுப்பினது. ஆரும் கைவைக்கப் போடாது."

கடைசி வசனம் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

அடுத்த நாள் வெள்ளி. வெள்ளிகளில் நாலு மணிக்குச் சாச்சி போன் வீடியோவில் வருவார். அவர் வேலை செய்யும் வீட்டார் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கும் நேரம் அது. குசினிக்குள் நின்று, குரலைத் தாழ்த்தி, முகம் மட்டும் தெரியப் பேசுவார். அன்றைக்கு எடுத்ததும், "பழம் கெடச்சதா? திண்டு காட்டு மகள், உம்மா பாக்கணும்" என்றார். அவள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, அப்பிளைக் கடிப்பது போலத் தோலோடும் மயிரோடும் கடித்தாள். சாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அப்பிடியில்ல மகள். நடுவால வெட்டி, தேக்கரண்டியால தோண்டித் திண்ணனும். கிவி இது. இந்த ஊட்டுப் புள்ள காலையில ரெண்டு திண்ணாம ஸ்கூலுக்குப் போகாது. நாந்தான் வெட்டிக் குடுக்கிற. ஒன்ட வயசுதான் அதுக்கும்."

அவளோ தொடங்கியதை நிறுத்தவில்லை. தோலும் மயிருமாக முழுவதையும் தின்று முடித்தாள்.

"இனிக்கிதா மகள்?"

"ஓம் உம்மா. நல்லா இனிக்கிது."

அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கு எச்சில் ஊறியது. போன் வைத்ததும் உம்மா நசுங்கிய பழத்தையும் இன்னொன்றையும் வெட்டி எங்களுக்குத் தந்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். பச்சைப் புளி. நாக்கில் ஊசி குத்துவது போல ஒரு அரிப்பு வேறு. வாப்பா முற்றத்தில் போய்த் துப்பிவிட்டு வந்தார். எனக்கு ஒன்று மட்டும் விளங்கியது: அவள் பொய் சொல்லியிருக்கிறாள். நான் பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பேன் என்று மிரட்டும் உம்மா, அவள் தலையைத் தடவி, "பாவம் புள்ள" என்றார். புளித்ததை இனிக்கிறது என்று சொல்வதற்குப் பெயர் பொய் இல்லையென்றால் வேறென்ன? அன்றைக்கு முழுவதும் நான் இதையே நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

மாங்காயைப் பழுக்க வைப்பது போல, மிச்சம் ஒன்பதையும் உம்மா அரிசிப் பீப்பாவுக்குள் புதைத்தார். அவள் இரண்டைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனாள். டீச்சர் ஒன்றை மேசையில் வைத்து வகுப்பு முழுவதற்கும் காட்டினார். பிள்ளைகள் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். "ஒங்கட ஊட்டயா வந்த?" என்று என்னிடமும் கேட்டார்கள். "எங்கட ஊட்டுக்கு இல்ல, அவக்கு" என்று சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு வெள்ளி கழிந்து மூன்றாவது வெள்ளியில் மாமி விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. மாமி வாப்பாவின் மூத்த சகோதரி. புத்தளம் டவுனில் இருப்பவர். அவர் ஆக்கும் மாட்டிறைச்சிக் கறிக்கு அவருடைய வாயே பெரிய விளம்பரம். போன தடவை எங்கள் வீட்டில் சாப்பிட்டபோது, மென்று முடியாத ஒரு துண்டை வாயிலிருந்து எடுத்து, ஒரு சொல் பேசாமல், சஹன் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். உம்மா அந்தத் துண்டை மறக்கவே இல்லை. மாமியின் பெயர் வரும்போதெல்லாம் உம்மாவின் முகம் மாறுவதை வைத்துச் சொல்கிறேன், வயிற்றெரிச்சல் எனக்குச் சும்மா வரவில்லை. பிறப்பிலேயே வந்தது.

அந்த வெள்ளிக் காலையில் வாப்பா கொண்டுவந்த இறைச்சியைத் தொட்டுப் பார்த்ததும் உம்மா தலையில் கைவைத்தார்.

"இது மாடா, மரமா?"

"கடையில இதான் இரிந்திச்சி. நான் என்ன, கண்டுக்குட்டியத் தேடிக் காட்டுக்கா போற?" என்றார் வாப்பா.

உம்மா பப்பாசிக்காய் ஒரு துண்டு போட்டால் இளகும் என்று மூன்று வீடுகளில் கேட்டுப் பார்த்தார். கச்சான் காற்றில் எல்லா வீட்டுப் பப்பாசி மரமும் விழுந்திருந்தது. கடைசியில் உப்பும் மஞ்சளும் இஞ்சியும் பூண்டும் போட்டு, இறைச்சியைப் பெரிய சட்டியில் வைத்து மூடிவிட்டு, அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டார். பிறகு எங்களைக் குளிப்பாட்டினார். முதலில் அவளை. ஷாம்பு போட்டு, துவட்டி, கிணற்றடிக் கல்லில் உட்காரவைத்துப் பின்னத் தொடங்கினார். ஈரத் தலையோடு நின்ற என்னைப் பார்த்து, "எடியே, எட்டுச் சுண்டு அரிசி அளந்து வை" என்றார்.

குசினிக்குள் போய்ப் பீப்பாவைத் திறந்து கையை விட்டேன். விரலில் பழம் தட்டியது. அழுத்தினேன். அமுங்கியது.

பீப்பாவுக்குள் ஏழு இருந்தன. ஏழும் இளகியிருந்தன. ஒன்றைப் பிய்த்தேன். உள்ளே இளம்பச்சை. நடுவில் வெள்ளை. வெள்ளையைச் சுற்றி எள்ளைவிடச் சின்னக் கறுப்பு விதைகள். உறிஞ்சினேன். இனித்தது. புளிப்பு எங்கோ பின்னால் போயிருந்தது. அப்படியொரு இனிப்பை நான் அதற்கு முன்பு தின்றதில்லை.

யன்னலால் பார்த்தேன். உம்மா அவளுக்குக் குவைத் கிளிப்பைக் குத்தி, முகத்தை நிமிர்த்தி, அழகு பார்த்துக்கொண்டிருந்தார். இனி நடக்கப்போவது எல்லாம் எனக்கு வரிசையாகத் தெரிந்தது. நாலு மணிக்குச் சாச்சி வருவார். இவள் வெட்டித் தின்று, இனிக்கிது என்பாள். இந்தத் தடவை அது உண்மையாகவும் இருக்கும். மாமி வந்தால் அவருக்கும் ஒரு துண்டு கொடுப்பாள். மாமி, "என்ன நல்ல புள்ள" என்பார். நான் எலும்பைச் சூப்பிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

அவளுக்குக் கிடைக்கக் கூடாது. இவ்வளவுதான் நினைத்தேன். எனக்கு வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை.

ஆறையும் அள்ளி எடுத்தேன். வேலிக்கு அப்பால் எறியலாம் என்று கதவுப் பக்கம் திரும்பினால், முற்றத்தில் செருப்புச் சத்தம். கையில் ஆறு பழங்கள். முன்னால் இறைச்சிச் சட்டி. யோசிக்க நேரமில்லை. தோலைப் பிய்த்துச் சதையை இறைச்சிக்குள் பிழிந்தேன். தோல்களை அடுப்புச் சாம்பலுக்குள் தள்ளினேன். பச்சை வெளியில் தெரியாதபடி இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருக்கும்போது உம்மா உள்ளே வந்தார்.

"என்னடி செய்ற?"

"இறைச்சிய நல்லாப் பெரட்டி வெக்கிறன் உம்மா."

உம்மா ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது.

"இன்டக்கித்தான் ஒனக்குப் புத்தி வந்திரிக்கு" என்றார்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நல்ல சொல் அது. எதற்குக் கிடைத்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் சட்டி அடுப்பில் ஏறியது. அந்த இறைச்சிக்கு மத்தியானம் வரை வேக வேண்டும் என்று உம்மா விறகு அடுக்கி வைத்திருந்தார். அரை மணித்தியாலத்தில் மூடியைத் திறந்தவர், "அல்லாஹ்வே" என்றார். அகப்பை பட்ட இடமெல்லாம் துண்டுகள் இதழ் இதழாகக் கழன்றன. அடுப்பை அணைத்து, சட்டியை இறக்கி, இது மாடுதானா, வேறு எதுவுமா என்ற பயத்தில் வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். வாப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லவில்லை. அது தானாகப் போனது.

ஜும்ஆ முடிந்து மாமி குடும்பம் வந்தது. ஆண்களுக்கு ஒரு சஹன். மாமி, உம்மா, நாங்கள் இருவர் என்று பெண்களுக்கு ஒரு சஹன். மாமி முதல் துண்டை எடுத்தார். உம்மா சோற்றில் கைவைக்காமல் மாமியின் வாயையே பார்த்தார். மாமி இரண்டாம் துண்டை எடுத்தார். மூன்றாவதை எடுக்கும்போது என் பக்கத்திலிருந்தே எடுத்தார்.

"எப்பிடி இவ்வளவு மெதுவாக்கின?" என்றார். பிறகு குழம்பைக் கிளறிப் பார்த்து, கறுப்பு விதைகளைக் கண்டு, "கருஞ்சீரகமா போட்ட?" என்று தானே பதிலையும் தந்தார்.

உம்மாவுக்கும் அது என்னவென்று தெரியாது. ஆனாலும், "ஓம் மதினி. கொஞ்சம்தான் போட்ட" என்றார்.

மாமி இன்றைக்கும் இறைச்சிக் கறிக்குக் கருஞ்சீரகம் போடுகிறார். கறி கசக்கிறது. இறைச்சி இறுகியே இருக்கிறது. உம்மா வாய் திறப்பதில்லை.

மூன்றரை மணி பஸ்ஸுக்கு அவர்கள் போனார்கள். நாலு மணி ஆகப்போகிறது என்று சாச்சியின் மகள் தேக்கரண்டியும் கையுமாகக் குசினிக்குள் போனாள். வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. உம்மா போய்ப் பார்த்தார். பின்னால் நானும் போனேன். அவள் தோள்வரை பீப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். வெளியே எடுத்த கை முழுவதும் அரிசித் தவிடு. உம்மாவும் துழாவிப் பார்த்தார். பிறகு அவருடைய கண் மெதுவாகச் சட்டிக்குப் போனது. அடியில் கிடந்த கறுப்பு விதைகளை விரலால் தொட்டு எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தார். மாமி போய்விட்டதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு அகப்பையைக் கையில் எடுத்தார்.

"ஆரு இத இறைச்சிக்குள்ள போட்ட?"

அகப்பையின் முனை ஏற்கெனவே என் பக்கம் திரும்பியிருந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"நாந்தான் பெரியம்மா."

சொன்னது அவள். உம்மாவும் திரும்பினார். நானும் திரும்பினேன்.

"வேணுமின்டுதான் போட்டன்" என்றாள் அவள். பிறகு ஓர் அடி முன்னால் வந்து நின்றாள். கையை உடம்போடு ஒட்டிவைத்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

உம்மாவின் கை இறங்கியது. அகப்பையை அம்மியில் வைத்துவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அது ஒன்ட சாமான் மகள். ஒன்ட உம்மா ஒனக்கு அனுப்பின. நீ என்ன செஞ்சாலும் ஆரு கேக்கிற? அதாலதானே இன்டக்கி என்ட மானம் தப்பின."

"ஏச மாட்டீங்களா பெரியம்மா?"

"அமானிதத்துக்கு ஆரும் ஏசுவாங்களா?" என்று சொல்லி உம்மா அவள் நெற்றியில் முத்தமிட்டார்.

அவள் அழத் தொடங்கினாள். பார்சல் வந்தபோதும், பழம் நசுங்கியபோதும், பீப்பாவுக்குள் பழம் இல்லாமல் போனபோதும் அழாதவள் அப்போது விக்கி விக்கி அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கள்ளி, எவ்வளவு சாமர்த்தியம் என்று நினைத்தேன். என் குற்றத்தை எடுத்தாள். அதற்குள் இருந்த புகழையும் எடுத்தாள். முத்தத்தையும் எடுத்தாள். இப்போது இன்னும் கொஞ்சம் செல்லம் கேட்டு அழவும் செய்கிறாள். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் பொறாமைக்கு முன்னால் அடி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"பொய். நாந்தான் போட்டன்" என்று கத்தினேன். "ஒண்டத் திண்டேன். ஆறப் போட்டன். இறைச்சி மெதுவானது என்ட கையால."

முதல் அடி கெண்டைக்காலில் விழுந்தது. அடியோடு ஏச்சும் வந்தது.

"கள்ளி. அமானிதத்துல கைவெச்சவளே. ஒன்னப் பெத்த நேரம் ஒரு அம்மியப் பெத்திரிக்கலாம், அரைக்கவாவது ஒதவியிருக்கும். பத்து மாசம் சுமந்ததுக்கு நல்லாக் காட்டிட்டாய். ஒன்ன வளக்கிறதுக்குள்ள நான் மவுத்தாகிருவன்."

நான்கு அடிதான். ஏச்சு அதற்குப் பிறகும் ஓயவில்லை. ஏசிக்கொண்டே உம்மா என்னை இழுத்து உட்காரவைத்தார். ஏசிக்கொண்டே முந்தானையால் என் மூக்கைத் துடைத்தார். ஏசிக்கொண்டே சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினார். எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து நீட்டியவள் அவள்தான். நீட்டிவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்று, அடி விழுந்த இடத்தையும், அதைத் தடவும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவளுடைய பார்சலை நான் பார்ப்பது அப்படித்தான். ஆனால் என்னிடம் அப்போது பார்க்க என்ன இருந்தது? நான் அடி வாங்கியதில் அவளுக்கு ஆறுதல் என்று முடிவுசெய்து, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உம்மா எழுந்து போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இனிச்சதா ராத்தா?"

அவள் வயிறும் கொஞ்சம் எரியட்டும் என்று, "சீனி மாதிரி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அப்போது போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாம் திண்டு முடிஞ்சி உம்மா. நல்லா இனிச்சிது. சீனி மாதிரி."

பன்னிரண்டு பழங்களில் பழுத்து இனித்ததை ருசித்தவள் நான் ஒருத்திதான். குவைத்தில் ஒரு தாய் தினமும் காலையில் வேறொரு பிள்ளைக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளைக்கும் கிடைக்கட்டும் என்று அனுப்பியது அது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கம் இருக்கவில்லை.

இப்போது புத்தளத்துக் கடைகளில் கிவி சாதாரணமாகக் கிடைக்கிறது. கிழட்டு இறைச்சி வந்தால் உம்மா அதில் ஒன்றைத்தான் பிழிகிறார், ஆறு அதிகம் என்று கணித்துவிட்டார். சாச்சி திரும்பி வந்து ஊரோடு இருக்கிறார். அவருடைய மகள் கரைத்தீவுப் பக்கம் கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். பிள்ளைகளுக்கு அவள் ஏசும் ஏச்சு நாலு வீடு கேட்கும். அவளைப் போல மனம் நிறைந்து ஏசும் ஒரு தாயை நான் கண்டதில்லை. ஏசி முடித்ததும் பிடித்து இழுத்து முகம் துடைத்துவிடுவாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கும்.

அந்த வெள்ளிக்கு அடுத்த நாள் காலையில் நடந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் அலுமாரியில் உம்மா ஒருவரையும் தொட விடாத ஒரு கண்ணாடிக் கோப்பை இருந்தது. அவருடைய கல்யாணத்துக்கு வந்தது, விளிம்பில் பொன் கோடு போட்டது. உம்மா பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பின்னிய தலையோடு அவள் வந்தாள். அலுமாரியைத் திறந்து அந்தக் கோப்பையை எடுத்தாள். உம்மாவுக்கு நேரே வந்து நின்று, நன்றாக அவர் பார்த்திருக்கும்போது, வாப்பா பழத்தைப் போட்டது போலவே கையை விட்டாள்.

கோப்பை தூள் தூளானது. உம்மாவின் முகம் வெளுத்தது. உதடு ஏதோ சொல்லத் துடித்து அடங்கியது. அவள் அசையவில்லை. முந்தின நாளைப் போலவே கையை உடம்போடு ஒட்டிவைத்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றாள்.

உம்மா எழுந்து போய்த் தும்புத்தடியை எடுத்து வந்தார். குனிந்து, அவள் காலைச் சுற்றி மெதுவாகக் கூட்டினார்.

"கால்ல குத்தினதா மகள்? அசையாம நில்லுங்க" என்றார்.

கூட்டி முடித்த பிறகும் அவள் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு, கதிரையில் இருந்து பார்த்தேன். கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். எதை உடைத்தாலும் அவளுக்கு அடி விழாது.